ஃபோர் வீல் டிரைவ் கார், சின்ன ஸ்டெப்னி, பனிச்சாலை: மதுரையில் இருந்து வடக்கே காரில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

மதுரையில் இருந்து வாடிப்பட்டி, திண்டுக்கல் என்று வடக்கே போகும் தேசிய நெடுஞ்சாலை 44-ஐ விடாமல் பிடித்துக்கொண்டே போனால் அது எங்கே முடியும்? சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், டெல்லி, ஜம்மு எல்லாம் தாண்டி ஸ்ரீநகரில். கன்னியாகுமரியில் தொடங்கி 3,700 கி.மீ.க்கும் மேல் நீளும் இந்தச் சாலையின் தென்கோடியில் வெயில். வடகோடியில், குளிர்காலம் என்றால் முழங்கால் அளவு பனி.

இந்தச் சாலையில் காஷ்மீர், மணாலி, லடாக் என்று சொந்த காரிலேயே கிளம்பும் குடும்பங்களும் நண்பர் குழுக்களும் தமிழ்நாட்டில் உண்டு. சண்டிகர் வரை விமானத்தில் போய், அங்கே வாடகைக்கு எஸ்யூவி எடுப்பவர்களும் உண்டு. இரண்டு தரப்புமே சொல்லும் சமாதானம் ஒன்றுதான்: "வண்டி ஃபோர் வீல் டிரைவ். ஸ்டெப்னியும் இருக்கு. அப்புறம் என்ன பயம்?"

இந்த இரண்டு தைரியமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது என்பதுதான் பலர் கவனிக்காத விஷயம். பூட்டுக்குள் இருக்கும் ஸ்டெப்னி சின்ன சைஸ் என்றால், அதை மாட்டிய நிமிடத்தில் ஃபோர் வீல் டிரைவின் பலம் குறைந்துவிடுகிறது. சில வண்டிகளில் அந்த டிரைவே பழுதாகும் அபாயமும் வருகிறது. ஏன் அப்படி?

மணாலியில் என்ன நடந்தது?

2020 அக்டோபரில் மணாலிக்கு மேலே அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. சுமார் 9 கி.மீ. நீளம், 10,000 அடிக்கு மேல் உயரம். அதுவரை குளிர்காலத்தில் சாதாரண சுற்றுலாப் பயணிகள் போக முடியாமல் இருந்த லாஹவுல் பகுதிக்கு ஆண்டு முழுக்க காரிலேயே போகலாம் என்ற நிலை வந்தது. கூட்டம் கூடியது.

2024 டிசம்பர் 27 அன்று மணாலி அருகே சோலாங் நாலாவில் திடீரென்று கொட்டிய பனியில் சுமார் 1,000 வாகனங்களும் 5,000 சுற்றுலாப் பயணிகளும் சிக்கினர். குல்லு மாவட்ட போலீசார் அவர்களை மீட்டனர். அதற்குச் சில நாட்கள் முன்பும் இதே பாதையில் நூற்றுக்கணக்கான வாகனங்கள் மாட்டிக்கொண்டன. பிரேக் பிடித்தும் நிற்காமல் கார்கள் சறுக்கிப் போகும் வீடியோக்கள் அப்போது நாடு முழுக்கப் பரவின.

இதுபோன்ற நாட்களில் போலீசார் சாதாரண கார்களைக் கீழேயே நிறுத்திவிட்டு, ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளையும் டயரில் சங்கிலி கட்டிய வண்டிகளையும் மட்டும் மேலே விடுவது வழக்கம். அந்த அனுமதி வண்டியின் டிரைவைப் பார்த்துக் கிடைப்பது. டயர் எப்படி, ஸ்டெப்னி எந்த சைஸ் என்பதெல்லாம் ஓட்டுபவரின் பொறுப்பு. மேலே போன பிறகு ஒரு கூரான கல் டயரைக் கிழித்தால்தான் அந்தப் பொறுப்பு என்னவென்று தெரியும்.

ஸ்டெப்னி என்ற பெயர் எப்படி வந்தது?

நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் 'ஸ்டெப்னி' ஒரு தெருவின் பெயர். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உள்ள லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில், 1904-ல் டேவிஸ் சகோதரர்கள் இந்த மாற்றுச் சக்கரத்தைச் செய்து விற்றனர். அந்தக் காலத்து கார்களில் மாற்றுச் சக்கரமே கிடையாது. பஞ்சரான சக்கரத்தின் மேலேயே பக்கவாட்டில் கவ்விப் பிடிக்கும், ஆரக்கால் இல்லாத ஒரு வளையம்தான் அவர்கள் செய்த ஸ்டெப்னி. அதாவது, ஸ்டெப்னி பிறந்ததே தற்காலிகச் சக்கரமாகத்தான்.

பின்னாளில் கார் நிறுவனங்கள் மற்ற நான்கைப் போலவே ஒரு முழு சக்கரத்தை ஐந்தாவதாகத் தரத் தொடங்கின. அம்பாசடர் காலத்தில் இருந்து வண்டி ஓட்டும் பெரியவர்களுக்குப் பழகியது இதுதான். பஞ்சர் ஆனால் ஸ்டெப்னியை மாட்டிவிட்டு, பஞ்சரை ஒட்டாமலேயே பல நாள் ஓட்டுவார்கள். டயர் தேய்மானம் சமமாக இருக்க, ஐந்தையும் சுழற்சி முறையில் மாற்றுவதும் உண்டு.

இப்போது நிலைமை மாறிவிட்டது. எடையைக் குறைக்க, பூட்டில் இடம் மிச்சம் பிடிக்க, செலவைக் குறைக்க, பல கார்களில் மெல்லிய சின்ன ஸ்டெப்னிதான் வருகிறது. 2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. டியூப்லெஸ் டயர், டயரின் காற்றழுத்தத்தைக் காட்டும் டிபிஎம்எஸ், பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் பயணிகள் காருக்கு ஸ்டெப்னியே கட்டாயம் இல்லை என்றானது. எனவே கார் வாங்கும்போது ஸ்டெப்னி முழு சைஸா, சின்னதா, இருக்கிறதா இல்லையா என்பதை வாங்குபவர்தான் பார்க்க வேண்டும்.

சின்ன ஸ்டெப்னியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பூட்டைத் திறந்து, கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டு வகை உண்டு.

முதல் வகை, உண்மையான 'ஸ்பேஸ் சேவர்'. மற்ற டயர்களைவிட மிகவும் மெல்லியதாக இருக்கும். அளவு எண்ணுக்கு முன்னால் 'டி' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். தற்காலிகப் பயன்பாட்டுக்கு மட்டும் என்றும், 80 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது என்றும் கொட்டை எழுத்தில் ஸ்டிக்கர் இருக்கும். இதற்குக் காற்று பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ, அதாவது சாதாரண டயருக்குப் பிடிப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இரண்டாவது வகை, பார்க்க சாதாரண டயர்தான். ஆனால் வண்டியில் 17 அங்குல அலாய் வீல் ஓடும்போது, ஸ்டெப்னி மட்டும் 16 அங்குல இரும்பு வீலாக இருக்கும். டயரும் கொஞ்சம் ஒடுக்கமானதாக இருக்கலாம். இதற்கும் பல நிறுவனங்கள் 80 கி.மீ. வேகவரம்பையே சொல்கின்றன.

பின்கதவில் ஸ்டெப்னி தொங்கும் ஜீப் வகை வண்டிகளில் பெரும்பாலும் முழு சைஸ் சக்கரமே வரும். சிக்கல் அதிகம் வருவது, கார் போல ஓடும் 'ஆல் வீல் டிரைவ்' எஸ்யூவிகளில்.

டூ வீல் டிரைவுக்கு இல்லாத சிக்கல் ஃபோர் வீல் டிரைவுக்கு ஏன்?

ஒரு சின்னக் கணக்கைப் பார்ப்போம். 235/60, 18 அங்குல டயரின் மொத்த விட்டம் சுமார் 739 மி.மீ. அதற்குப் பதிலாக 155/90, 17 அங்குல சின்ன ஸ்டெப்னியை மாட்டினால் விட்டம் சுமார் 711 மி.மீ. வித்தியாசம் மூன்று செ.மீ. கூட இல்லை. "இதுல என்ன ஆகப்போகுது?" என்றுதான் தோன்றும்.

ஆனால் ஒரு கி.மீ. ஓட, பெரிய டயர் சுமார் 431 முறை சுற்றினால் போதும். சின்னது சுமார் 448 முறை சுற்ற வேண்டும். கி.மீ.க்கு 17 சுற்று கூடுதல். மதுரையில் இருந்து கொடைக்கானல் சுமார் 120 கி.மீ. அங்கே போய்ச் சேர்வதற்குள் அந்த ஒரு சக்கரம் மட்டும் 2,000 சுற்று அதிகமாகச் சுற்றியிருக்கும்.

டூ வீல் டிரைவ் காரில், எஞ்சினின் இழுவை போகாத அச்சில் இந்தச் சக்கரம் இருந்தால் பெரிய கவலை இல்லை. அது பாட்டுக்குச் சுற்றும். ஃபோர் வீல் டிரைவில் அப்படி ஒதுங்கி நிற்கும் சக்கரமே கிடையாது. அங்கே நடப்பது வண்டிக்கு வண்டி மாறும்.

தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரமும் இழுக்கும் ஆல் வீல் டிரைவ்: பெரும்பாலான எஸ்யூவிகளில் இருப்பது இது. முன்சக்கரம் வழுக்கினால் கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடித்து, கிளட்ச் தகடுகள் அடங்கிய கப்ளிங் வழியாகப் பின்சக்கரத்துக்குச் சக்தி அனுப்பும். சின்ன ஸ்டெப்னி எப்போதும் வேகமாகச் சுற்றுவதால், அந்தச் சக்கரம் வழுக்குவதாகவே கம்ப்யூட்டர் நினைக்கலாம். கப்ளிங் ஓயாமல் வேலை செய்து சூடாகும். சூடு எல்லை மீறினால் டிரைவ் தானாகவே துண்டிக்கப்பட்டு, டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். பனிமேட்டில் பாதி ஏறும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

கியர் போட்டு மாற்றும் ஃபோர் வீல் டிரைவ்: லீவரை ஃபோர் வீலுக்குத் தள்ளியதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்படும். ஒரு அச்சில் மட்டும் சின்னச் சக்கரம் இருந்தால், இரண்டு அச்சும் ஒன்றையொன்று முறுக்கும். பனியில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த முறுக்கைத் தளர்த்திவிடும். நடுவில் காய்ந்த தார் ரோடு வந்தால் தளர்த்த வழி இல்லை; சுமை முழுவதும் கியர் பற்களின் மேல் விழும்.

எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி: நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் வளைவுகளில் சில வினாடி வேக வித்தியாசத்தைச் சமாளிக்கவே செய்யப்பட்டது. நேர்ச்சாலையிலும் மணிக்கணக்கில் அது வேலை செய்துகொண்டே இருந்தால் தேய்மானம் கூடும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. ஜப்பானின் சுபாரு நிறுவனம் தன் பழைய ஆட்டோமேட்டிக் ஆல் வீல் டிரைவ் கார்களில் இதற்கென்றே தனியாக ஒரு ஃபியூஸ் இடம் வைத்திருந்தது. சின்ன ஸ்டெப்னி மாட்டினால் அதில் ஃபியூஸைச் செருக வேண்டும். வண்டி டூ வீல் டிரைவாக மாறிவிடும். வண்டியைச் செய்தவர்களே ஸ்டெப்னிக்காக டிரைவை அணைக்கச் சொன்னார்கள்.

பனியில் கூடுதலாக என்ன ஆபத்து?

மதுரைக்காரர்களுக்குப் பனி என்றால் மார்கழிக் காலையில் கண்ணாடியில் படியும் ஈரம்தான். கொடைக்கானல், ஊட்டியில் விழுவது உறைபனி. வெயில் ஏறினால் போய்விடும். மணாலியிலும் காஷ்மீரிலும் விழுவது பனிப்பொழிவு. வண்டிகள் மிதித்து மிதித்து அது கண்ணாடி போல இறுகும். இரவில் உறைந்து ஐஸ் ஆகும்.

இங்கே முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, ஃபோர் வீல் டிரைவ் வண்டியைக் கிளப்பவும் மேட்டில் ஏற்றவும் மட்டுமே உதவும். நிறுத்துவதற்கு உதவாது. எல்லா காரிலும் பிரேக் நான்கு சக்கரத்தில்தான் இருக்கிறது. நிற்பதும் திரும்புவதும் டயரின் பிடிமானத்தைப் பொறுத்தது. சோலாங்கில் சறுக்கிய வண்டிகளுக்கும் இதே விதிதான்.

அந்தப் பிடிமானம் சின்ன ஸ்டெப்னியில் மிகவும் குறைவு. அதன் பள்ளங்கள் ஆழம் குறைந்தவை. "ஒல்லியான டயர் பனியைக் கிழித்துக்கொண்டு தரையைப் பிடிக்கும்" என்று சிலர் சொல்வார்கள். பனிக்கென்றே செய்த ஒல்லி டயருக்கு அது பொருந்தும். தற்காலிக ஸ்டெப்னியின் ரப்பரும் பள்ளமும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பக்கத்து பஞ்சர் கடை வரை போவதற்கான டயர் அது.

இந்தியாவில் விற்கும் சாதாரண டயர்களின் ரப்பரே 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கிவிடும். நான்கு டயரும் இப்படி இருக்க, ஒன்று மட்டும் அதைவிட மோசம் என்றால், பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். சக்கர வேகத்தை வைத்து வேலை செய்யும் ஏபிஎஸ், இஎஸ்பி போன்ற பாதுகாப்புக் கருவிகளுக்கும் ஒரு சக்கரத்தின் கணக்கு மட்டும் தவறாகவே போய்க்கொண்டிருக்கும்.

பனிச்சங்கிலி கட்டினால் சரியாகிவிடாதா?

சின்ன ஸ்டெப்னியில் சங்கிலி கட்டவே கூடாது. இதை டொயோட்டா உள்ளிட்ட நிறுவனங்கள் தங்கள் கார் கையேடுகளில் தெளிவாகச் சொல்கின்றன. சங்கிலி, வண்டியின் வழக்கமான டயர் அளவுக்கு வாங்கியது. சின்ன டயரில் அது தளர்ந்து ஆடும். கழன்று பிரேக் குழாயில் அடித்தால் நிலைமை இன்னும் மோசம்.

அப்படியானால் சங்கிலி கட்ட வேண்டிய முன்சக்கரம் பஞ்சர் ஆனால்? இதற்கு அதே கையேடுகள் சொல்லும் வழி, சக்கரத்தை இரண்டு முறை மாற்றுவது. முதலில் நல்ல பின்சக்கரம் ஒன்றைக் கழற்றி, அங்கே சின்ன ஸ்டெப்னியை மாட்ட வேண்டும். கழற்றிய நல்ல சக்கரத்தை முன்னால் பஞ்சர் ஆன இடத்தில் மாட்டி, அதில் சங்கிலி கட்ட வேண்டும். திருப்புவதும் பிரேக்கின் பெரும்பங்கும் முன்சக்கரத்தில் இருப்பதால் அங்கே நல்ல டயர் வேண்டும் என்பதே காரணம். முன்சக்கர இழுவையை அடிப்படையாகக் கொண்ட வண்டிகளுக்கு இது பொருந்தும். மற்ற வண்டிகளுக்கு அதனதன் கையேட்டில் உள்ளபடிதான் செய்ய வேண்டும்.

இதையெல்லாம் சமதளமான, கெட்டியான இடத்தில்தான் செய்ய முடியும். சரிவில், ஐஸ் மேல் ஜாக்கி வைத்தால் அது வழுக்கும். அப்படிப்பட்ட இடத்தில் சக்கரம் மாற்ற முயற்சி செய்யாமல், ஆட்களைப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பிவிட்டு உதவிக்குக் காத்திருப்பதே நல்லது. வண்டியை இழுத்துப்போக வேண்டியிருந்தால், முழு வண்டியையும் மேலே ஏற்றும் லாரியைக் கேட்க வேண்டும். இரண்டு சக்கரத்தைத் தரையில் ஓடவிட்டு இழுத்தால் ஆல் வீல் டிரைவ் கெட்டுப்போகும்.

பனிப்பக்கமே போகாதவர்களுக்கு இதில் என்ன?

மதுரையைச் சுற்றி ஓட்டுபவர்களுக்கும் இதே கணக்குதான். பனிக்குப் பதில் இங்கே சூடு. 60 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய சின்ன ஸ்டெப்னியில், மற்ற டயரைப் போல நினைத்து 33 பிஎஸ்ஐ பிடித்தால், டயரின் பக்கச்சுவர் நசுங்கிச் சூடேறும். சித்திரை வெயிலில் திருமங்கலத்தில் இருந்து விருதுநகர் வரை நான்கு வழிச்சாலையில் 100-ல் போனால் வெடிக்கக்கூட வாய்ப்பு உண்டு.

வத்தலக்குண்டில் இருந்து கொடைக்கானல் ஏறும் மலைப்பாதையிலும், போடியில் இருந்து மூணாறு போகும் பாதையிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோடு வழுக்கும். இறக்கத்தில் ஒரு சக்கரம் மட்டும் பிடிமானம் இல்லாமல் இருந்தால், அங்கேயும் பிரேக் பிடிக்கும்போது வண்டி இழுக்கும். மலையடிவாரத்தில் பஞ்சர் ஆனால் ஸ்டெப்னியோடு மலை ஏறாமல், கீழேயே பஞ்சர் பார்த்துவிட்டு ஏறுவதே சரி. சமவெளியில் பஞ்சர் கடைக்குப் பஞ்சமில்லை. மலைக்கு மேலே அப்படிச் சொல்ல முடியாது.

கிளம்பும் முன் என்ன செய்யலாம்?

* முதல் முயற்சி, பழைய டயரையே காப்பாற்றுவதாக இருக்கட்டும். ஆணி குத்தியது டயரின் நடுப்பகுதி என்றால், டியூப்லெஸ் பஞ்சர் கிட்டில் உள்ள பட்டையைச் செருகி, சின்ன ஏர் கம்ப்ரஸரில் காற்று பிடித்தால் அதே சக்கரத்தில் ஓட்டலாம். சக்கர அளவு மாறாது. டிரைவுக்கும் கேடு இல்லை. பக்கச்சுவர் கிழிந்தால் இது உதவாது. ஊரிலேயே ஒருமுறை செய்து பழகிக்கொள்வது நல்லது.

* நீண்ட மலைப்பயணம் என்றால் முழு சைஸ் ஐந்தாவது சக்கரத்தை எடுத்துப்போவது பாதுகாப்பு. ஸ்டெப்னி குழியில் அது அடங்காமல் போகலாம். அப்படியானால் பூட்டில் அசையாமல் கட்டி வைக்க வேண்டும்.

* முழு சைஸிலும் தேய்மானத்தைக் கவனிக்க வேண்டும். 8 மி.மீ. பள்ளமுள்ள புது டயருக்கும், 3 மி.மீ. வரை தேய்ந்த டயருக்கும் விட்டத்தில் 10 மி.மீ. வித்தியாசம் வரும். ஆல் வீல் டிரைவில் நான்கும் ஏறக்குறைய ஒரே அளவில் தேய்ந்திருப்பது நல்லது.

* ஸ்டெப்னியின் காற்றையும் வயதையும் பாருங்கள். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். ஓடவே ஓடாத டயரும் வயதானால் ரப்பர் இறுகிவிடும்.

* வாடகை வண்டி என்றால், சாவி வாங்கும் முன் பூட்டைத் திறந்து ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பானர் மூன்றையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

* கையேட்டில் ஸ்டெப்னி பற்றிய பக்கத்தை ஒருமுறை படித்து, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மலையில் நெட்வொர்க் கிடைக்காது.

வேறு வழியே இல்லாமல் சின்ன ஸ்டெப்னியை மாட்டியே ஆக வேண்டும் என்றால்?

டூ வீலுக்கு மாற்றும் வசதி இருந்தால், காய்ந்த ரோட்டில் டூ வீலில் ஓட்ட வேண்டும். ஸ்டிக்கரில் உள்ள 80 கி.மீ. காய்ந்த நல்ல ரோட்டுக்கான உச்ச வரம்பு; பனியில் 20, 30-ஐத் தாண்டாமல், முன்னால் போகும் வண்டிக்கு நிறைய இடைவெளி விட்டு, இறக்கத்தில் பிரேக்கை அமுக்காமல் கீழ் கியரில் இறங்க வேண்டும். போக வேண்டிய திசை மேலே அல்ல, கீழே. பனிப்பகுதிக்குள் மேலும் நுழையாமல், பஞ்சர் பார்க்கும் முதல் கடையோடு ஸ்டெப்னியின் வேலையை முடித்து, பழைய சக்கரத்தை மாட்டிய பிறகே பயணத்தைத் தொடர வேண்டும்.